பஞ்சகனியில் படித்த பிரெடி மெர்குரி: பெயரை மறைத்துப் பாடிய முதல் இசைத்தட்டு

மும்பையில் இருந்து மகாபலேசுவரத்துக்குப் போகிறவர்கள், மலை ஏறியதும் முதலில் பஞ்சகனியைப் பார்ப்பார்கள். ஸ்ட்ராபெரித் தோட்டங்களும், வெள்ளைக்காரர் காலத்துப் பள்ளிக்கூடங்களும் நிறைந்த சிறிய ஊர் அது. அந்தப் பள்ளிகளில் ஒன்று செயிண்ட் பீட்டர்ஸ். 1950-களில் அங்கே விடுதியில் தங்கிப் படித்த ஒரு பார்சி மாணவர், பிற்காலத்தில் உலகம் எங்கும் பெயர் பெற்ற பாடகர் ஆனார்.

அவர்தான் பிரெடி மெர்குரி. 'குயீன்' என்ற ஆங்கில இசைக்குழுவின் பாடகர்.

பிரெடி மெர்குரி என்றால் குயீன், குயீன் என்றால் பிரெடி மெர்குரி. உலகம் அப்படித்தான் அவரை அறியும். ஆனால் அவருடைய குரல் முதன்முதலாகக் கடைக்கு வந்தபோது, அந்தத் தட்டில் குயீன் என்ற பெயர் இல்லை. பிரெடி மெர்குரி என்ற பெயரும் இல்லை. யாரோ ஒருவருடைய பெயர் இருந்தது. அவர் தன் சொந்தப் பெயரில் தனியாகப் பாடிய தட்டு வருவதற்கு, அதன் பிறகு 11 ஆண்டுகள் ஆயின.

வல்சாடு குடும்பம்

மும்பையில் இருந்து சூரத் போகும் ரெயில் பாதையில் வல்சாடு என்ற ஊர் இருக்கிறது. முன்பு அதற்குப் 'புல்சார்' என்று பெயர். அந்த ஊர்க்காரர்கள் என்பதால், பிரெடியின் முன்னோர்களுக்குப் 'புல்சாரா' என்ற குடும்பப் பெயர் வந்தது.

தந்தை பொமி புல்சாரா, பிழைப்பைத் தேடி ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய ஜான்சிபார் தீவுக்குப் போனார். அப்போது அது வெள்ளைக்காரர் ஆதிக்கத்தில் இருந்தது. அங்கே ஐகோர்ட்டில் காசாளர் வேலை. தாயார் பெயர் ஜெர். 1946-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். பரூக் என்று பெயரிட்டார்கள்.

தீவில் இருந்த வசதி போதாது, மகனை நல்ல பள்ளியில் சேர்க்கவேண்டும் என்று பெற்றோர் விரும்பினார்கள். எட்டு வயதில் பரூக் கப்பல் ஏற்றி அனுப்பப்பட்டார். பம்பாயில் இறங்கி, அங்கிருந்து பஞ்சகனி. பெற்றோரை விட்டு, கடல் தாண்டி, மலை மேல் ஒரு விடுதி வாழ்க்கை. விடுமுறை நாட்களில் பம்பாயில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போவார்.

பள்ளித் தோழர்கள்தான் அவரைப் 'பிரெடி' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். வீட்டிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பியானோ மாணவர்

பையனுக்கு இசையில் நாட்டம் இருப்பதைப் பள்ளியின் தலைமை ஆசிரியர் கவனித்தார். பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். கொஞ்சம் கூடுதல் கட்டணம் கட்டினால் முறையாகப் பியானோ கற்றுத் தரலாம் என்று தெரிவித்தார். பெற்றோர் சம்மதித்தார்கள். நான்காம் நிலைத் தேர்வு வரை பிரெடி தேறினார்.

வானொலியில் ஒரு முறை கேட்ட பாட்டை, உடனே பியானோவில் உட்கார்ந்து வாசித்துக் காட்டிவிடுவார். மாணவர்கள் ஐந்து பேர் சேர்ந்து 'ஹெக்டிக்ஸ்' என்று ஒரு குழு வைத்தார்கள். பள்ளி விழாக்களில் மேல்நாட்டுப் பாட்டுகளை வாசித்தார்கள். அந்தக் குழுவில் பிரெடி பியானோ வாசித்தார். முன்னால் நின்று பாடியவர் வேறொரு மாணவர். பிரெடி பின்பாட்டுதான்.

1963-ல் அவர் ஜான்சிபாருக்குத் திரும்பினார். மறு ஆண்டு ஜனவரியில் அங்கே புரட்சி வெடித்தது. அரபு மக்களும் இந்தியர்களும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். புல்சாரா குடும்பம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தது. லண்டன் விமான நிலையத்தின் அருகே பெல்தம் என்ற இடத்தில் ஒரு சிறு வீடு. பிரெடிக்கு அப்போது 17 வயது.

புதிய பெயர்

லண்டனில் ஓவியக் கல்லூரியில் படித்தார். செலவுக்காக விமான நிலையத்தில் மூட்டை இறக்கும் வேலையும் பார்த்தார். கென்சிங்டன் மார்க்கெட்டில் பழைய துணி விற்கும் கடை ஒன்றையும் நடத்தினார். அந்தக் கடையில் கூட்டாளியாக இருந்தவர் ரோஜர் டெய்லர். டிரம்ஸ் வாசிப்பவர்.

ரோஜர் டெய்லரும், கிதார் வாசித்த பிரையன் மேயும் 'ஸ்மைல்' என்ற குழுவில் இருந்தார்கள். அந்தக் குழுவின் பாடகர் 1970-ல் விலகிப் போனார். அந்த இடத்துக்குப் பிரெடி வந்தார்.

வந்ததும் இரண்டு பெயர்களை மாற்றினார். குழுவின் பெயரைக் 'குயீன்' என்று ஆக்கினார். தன் குடும்பப் பெயரான புல்சாராவை விட்டு, 'மெர்குரி' என்று வைத்துக்கொண்டார். மறு ஆண்டு ஜான் டீக்கன் வந்து சேர்ந்தார். நால்வர் கூட்டணி அமைந்தது.

நால்வரும் கல்லூரியில் படித்தவர்கள். பிரையன் மே வான இயற்பியல் ஆராய்ச்சி மாணவர். ஜான் டீக்கன் மின்னணுவியல் படித்தவர். ஆனால் கையில் காசு இல்லை. பாட்டுப் பதிவு செய்யவேண்டும் என்றால் பெரும் பணம் வேண்டும். இசைத்தட்டு நிறுவனம் எதுவும் அவர்களைச் சீந்தவில்லை.

இரவு நேரப் பதிவு

லண்டன் சோஹோ பகுதியில் 'டிரைடெண்ட்' என்று ஓர் ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. பீட்டில்ஸ் குழுவினர் பாடிப் பதிவு செய்த இடம். அந்தக் கூடத்தார் 1972-ல் குயீன் குழுவை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. பணம் கட்டுகிற பெரிய பாடகர்கள் வேலை முடித்துப் போன பிறகு, கூடம் சும்மா இருக்கும் நேரத்தில்தான் பதிவு செய்துகொள்ளவேண்டும்.

அதனால் நால்வரும் மணிக்கணக்கில் காத்துக் கிடப்பார்கள். நள்ளிரவிலும், விடியற்காலையிலும் பாடுவார்கள். அப்படித்தான் அவர்களுடைய முதல் ஆல்பம் உருவாயிற்று.

அந்தச் சமயத்தில், அதே கூடத்தில் ராபின் ஜெப்ரி கேபிள் என்ற தயாரிப்பாளர் ஒரு சோதனை செய்துகொண்டு இருந்தார். அமெரிக்காவில் பில் ஸ்பெக்டர் என்பவர், பல வாத்தியங்களை ஒன்றாக முழங்கவைத்து, சுவர் எழுப்பியதுபோல ஓர் ஒலியை உண்டாக்கிப் புகழ் பெற்றிருந்தார். அந்த ஒலியை லண்டனில் தன்னாலும் உண்டாக்க முடியுமா என்று கேபிள் பார்த்தார். அதற்கு ஒரு குரல் தேவைப்பட்டது. காத்துக் கிடந்த பிரெடியை அழைத்தார்.

இரண்டு பாட்டுகள் பதிவாயின. இரண்டுமே அமெரிக்கப் பாட்டாசிரியர்கள் எழுதி, 1960-களில் மற்றவர்கள் பாடிய பழைய பாட்டுகள். முதல் பக்கத்துக்கு 'ஐ கேன் ஹியர் மியூசிக்'. மறு பக்கத்துக்குக் 'கோயிங் பேக்'. முதல் பாட்டுக்குப் பிரையன் மே கிதார் வாசித்தார். ரோஜர் டெய்லர் தாள வாத்தியம் வாசித்தார். தனிப் பாடகரின் தட்டுதான். ஆனாலும் குழுவின் நால்வரில் மூவர் அதில் இருந்தார்கள்.

ஜரிகைப் பெயர்

தட்டை எந்தப் பெயரில் வெளியிடுவது என்ற கேள்வி எழுந்தது. குயீன் குழுவின் சொந்தத் தட்டு வரப்போகிறது. அதற்கு முன்பு அதன் பாடகர் பெயரில் வேறு மாதிரியான ஒரு தட்டு வந்தால் குழப்பம் ஏற்படும். ஆகவே புதுப் பெயர் சூட்டினார்கள். 'லேரி லூரெக்ஸ்'.

அப்போது இங்கிலாந்தில் கேரி கிளிட்டர் என்ற பாடகர் மினுமினுக்கும் உடைகளில் மேடை ஏறிப் பிரபலமாக இருந்தார். கிளிட்டர் என்றால் மினுமினுப்பு. லூரெக்ஸ் என்பது உடைகளில் சேர்த்து நெய்யும் ஜரிகை போன்ற நூல். அவரைக் கேலி செய்வதுபோலப் பிறந்த பெயர் இது.

1973 ஜூன் இறுதியில் லேரி லூரெக்ஸ் தட்டைக் கடைக்கு அனுப்பியது இ.எம்.ஐ. நிறுவனம். குயீன் குழுவின் முதல் தட்டையும் அதே நிறுவனம்தான் ஜூலை 6-ந் தேதி வெளியிட்டது. இடையில் ஒரே வாரம். இரண்டு தட்டுகளிலும் ஒரே குரல். வாங்கியவர்களுக்கு அது தெரியாது.

வாங்கியவர்களும் அதிகம் இல்லை. லேரி லூரெக்ஸ் தட்டு விற்பனைப் பட்டியலில் இடம் பெறவில்லை. குயீன் குழுவின் முதல் தட்டும் பட்டியல் ஏறவில்லை. 

அந்தத் தோல்வி ஒரு வகையில் நன்மையாக முடிந்தது. லேரி லூரெக்ஸ் வெற்றி பெற்றிருந்தால், அந்தப் பெயரில் இன்னொரு தட்டு, அதற்கு அடுத்து இன்னொன்று என்று நிறுவனம் கேட்டிருக்கும். காசில்லாத நான்கு இளைஞர்களில் ஒருவரை மட்டும் பணம் தேடி வந்திருக்கும். அந்த நிலையில் நால்வர் கூட்டணி என்ன ஆகியிருக்கும்? அப்படி ஒரு சோதனை அவர்களுக்கு வரவில்லை.

லேரி லூரெக்ஸ் மறுபடி பாடவே இல்லை. இன்று அந்தத் தட்டைச் சேகரிப்பாளர்கள் தேடிப் பிடித்து, நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

உச்சிக்குப் போன குழு

அடுத்த ஆண்டே நிலைமை மாறியது. 1974-ல் குயீன் பாட்டு ஒன்று முதல் பத்து இடத்துக்குள் வந்தது. 1975-ல் 'பொஹீமியன் ராப்சடி' வந்தது. பிரெடி எழுதியது. ஏறத்தாழ 6 நிமிடம் ஓடும் பாட்டு. வானொலிக்கு அவ்வளவு நீளம் ஆகாது என்று சொன்னவர்கள் வாய் அடைத்துப் போனார்கள். 9 வாரங்கள் அது முதல் இடத்தில் நின்றது.

குழுவில் நால்வரும் பாட்டு எழுதுவார்கள். யார் எழுதினாரோ அவர் பெயர் தட்டில் வரும். பாட்டுக்கு வரும் பணமும் அவருக்கே. அதனால் எந்தப் பாட்டைச் சேர்ப்பது, எதை விடுவது என்று சண்டை நடக்கும். அந்தச் சண்டையில் தேறி வந்த பாட்டுகள்தான் உலகம் கேட்டவை.

பத்து ஆண்டுகள் ஓய்வில்லாமல் ஆல்பமும், சுற்றுப்பயணமுமாக ஓடியது. 1982-ல் வெளியிட்ட ஆல்பம் ரசிகர்களைத் திருப்தி செய்யவில்லை. நால்வருக்கும் அலுப்பு தட்டியது. 1983-ல் சுற்றுப்பயணத்தை நிறுத்தி ஓய்வு எடுத்துக்கொண்டார்கள்.

சொந்தப் பெயரில்

தனியாகத் தட்டு வெளியிட்டவர்களில் பிரெடி முதல்வர் இல்லை. ரோஜர் டெய்லர் 1977-லேயே ஒரு தனித் தட்டும், 1981-ல் தனி ஆல்பமும் வெளியிட்டுவிட்டார். 1983-ல் பிரையன் மே வேறு நண்பர்களோடு சேர்ந்து ஒரு தட்டு போட்டார். அந்த வரிசையில் மூன்றாவதாகத்தான் பிரெடி வந்தார்.

அவருடைய தட்டுக்கு ஒரு சினிமா காரணமாக அமைந்தது. 1927-ல் ஜெர்மனியில் பிரிட்ஸ் லாங் எடுத்த 'மெட்ரோபொலிஸ்' என்ற ஊமைப்படம் உலகப் புகழ் பெற்றது. இத்தாலிய இசை அமைப்பாளர் ஜார்ஜியோ மொரோடர் அந்தப் படத்துக்கு வண்ணச் சாயம் ஏற்றி, புதிய பாட்டுகள் சேர்த்து, 1984-ல் மறுபடி வெளியிட்டார். மொரோடர் சாதாரண ஆள் இல்லை. இசைக்காகவும் பாட்டுக்காகவும் ஆஸ்கார் பரிசு வாங்கியவர்.

குயீன் குழுவினர் அந்த ஆண்டு வெளியிட்ட 'ரேடியோ காகா' பாட்டின் வீடியோவில் மெட்ரோபொலிஸ் காட்சிகள் வருகின்றன. மொரோடரின் படத்துக்குப் பிரெடி ஒரு பாட்டுக் கொடுத்தார். இருவரும் சேர்ந்து எழுதிய அந்தப் பாட்டு 'லவ் கில்ஸ்'. காதல் கொல்லும் என்று பொருள். மின்னணுக் கருவிகளின் தாளத்தில், நடன அரங்குகளுக்கு ஏற்ற பாட்டு.

1984 செப்டம்பரில் தட்டு வெளிவந்தது. பிரெடி மெர்குரி என்ற பெயரைத் தனியாகத் தாங்கி வந்த முதல் தட்டு அதுதான். அப்போது அவருக்கு 38 வயது. இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் 10-வது இடம் பிடித்தது.

அமெரிக்காவில் அந்தப் பாட்டுக்கு வேறு விதமான மரியாதை கிடைத்தது. ஆண்டின் மோசமான படங்களுக்குக் கேலிப் பரிசு தரும் அமைப்பு ஒன்று, மோசமான பாட்டுகளின் வரிசையில் அதையும் சேர்த்தது.

இன்னொரு செய்தி பின்னாளில் தெரிய வந்தது. குயீன் ஆல்பம் ஒன்றைப் பதிவு செய்த காலத்தில் உருவான பாட்டு அது. அதிலும் குழு நண்பர்களின் கை இருந்தது. தட்டின் மேல் அவர்கள் பெயர் போடப்படவில்லை. 1973-ல் பிரெடியின் பெயர் மறைந்தது. 1984-ல் நண்பர்களின் பெயர் மறைந்தது. இரண்டு தடவையும் அவர் முழுக்கத் தனியாக நின்று பாடவில்லை.

உண்மையில் தனியாக

நண்பர்கள் இல்லாமல் பாடிய ஆல்பம் 1985 ஏப்ரலில் வந்தது. 'மிஸ்டர் பேட் கை' என்று பெயர். ஜெர்மனியில் மியூனிக் நகரில் வேறு வாத்தியக்காரர்களை வைத்துப் பதிவு செய்தது. எல்லாப் பாட்டும் அவரே எழுதினார். தடுக்கவோ, மறுக்கவோ, சண்டை போடவோ யாரும் இல்லை.

ஆல்பம் இங்கிலாந்தில் 6-வது இடத்தைப் பிடித்தது. அதில் இருந்து வந்த முதல் தனித் தட்டு 11-வது இடம் வரை போனது. பின்னர் வந்த 'லிவிங் ஆன் மை ஓன்' 50-வது இடத்தோடு நின்றுவிட்டது. தன்னந்தனியாக வாழ்வதைப் பற்றிய பாட்டு அது. மற்றவர்களுக்கு இது வெற்றி. குயீன் பாடகருக்கு இது போதாது.

2018-ல் வந்த 'பொஹீமியன் ராப்சடி' திரைப்படம் இந்தக் கட்டத்தை வேறு மாதிரி காட்டுகிறது. பிரெடி தனி ஒப்பந்தம் செய்துகொண்டதால் குழு உடைந்தது என்றும், லைவ் எய்ட் நிகழ்ச்சிக்காக மீண்டும் ஒன்று சேர்ந்தது என்றும் கதை போகிறது. படம் 4 ஆஸ்கார் பரிசுகள் வாங்கியது. ஆனால் நடந்தது அப்படி இல்லை. குழு உடையவே இல்லை. தனி ஆல்பம் வெளிவந்த அடுத்த மாதம், நால்வரும் ஜப்பானில் ஒன்றாக மேடை ஏறினார்கள்.

1985 ஜூலை 13-ந் தேதி, எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டன் வெம்பிளி மைதானத்தில் லைவ் எய்ட் நடந்தது. 72 ஆயிரம் பேர் கூடியிருந்தார்கள். குயீன் குழுவுக்குக் கிடைத்தது சுமார் 20 நிமிடம். அத்தனை பேரும் அவர் கையசைவுக்குக் கட்டுப்பட்டுக் கை தட்டினார்கள். அன்று மேடையில் தனி ஆல்பத்தில் இருந்து ஒரு பாட்டுக்கூட அவர் பாடவில்லை.

கடைசி ஆண்டுகள்

1987-ல் 'தி கிரேட் பிரிட்டெண்டர்' என்ற பழைய அமெரிக்கப் பாட்டைப் பாடித் தட்டு வெளியிட்டார். பெரிய வேடதாரி என்று பொருள். அது 4-வது இடம் பிடித்தது. அவர் உயிரோடு இருந்த காலத்தில் தனியாகப் பெற்ற பெரிய வெற்றி அதுதான். லேரி லூரெக்ஸ் என்று வேடம் போட்டு மற்றவர் பாட்டைப் பாடித் தொடங்கியவர், அதே போல மற்றவர் பாட்டைத் தன் பெயரில் பாடி வெற்றி கண்டார்.

அதே ஆண்டு ஸ்பெயின் நாட்டு இசை நாடகப் பாடகி மொன்செராட் கபாயேவுடன் சேர்ந்து 'பார்சிலோனா' பாடினார். அந்தக் காலகட்டத்தில்தான் அவரை எய்ட்ஸ் கிருமி பற்றியிருப்பது உறுதியாயிற்று. அப்போது அதற்குச் சரியான மருந்து கிடையாது.

'பார்சிலோனா'வுக்குப் பிறகு அவர் தனித் தட்டுகளில் நாட்டம் காட்டவில்லை. குழுவோடு பாடுவதிலேயே மீதிக் காலத்தைச் செலவிட்டார். 1989-ல் வந்த ஆல்பத்தில் ஒரு பெரிய மாற்றம் இருந்தது. பாட்டு எழுதியவரின் தனிப் பெயர் எதுவும் இல்லை. எல்லாப் பாட்டும் குயீன் எழுதியது என்றே அச்சிட்டார்கள். பணத்தையும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். பல ஆண்டுச் சண்டை அத்தோடு தீர்ந்தது.

நிற்கவே முடியாத நிலையிலும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து பாடினார். தான் போன பிறகு நண்பர்கள் இசை சேர்த்துக்கொள்ளட்டும் என்று, குரலை மட்டும் பதிவு செய்து வைத்தார்.

1991 நவம்பர் 23-ந் தேதி தனக்கு எய்ட்ஸ் இருப்பதை உலகத்துக்கு அறிவித்தார். மறுநாள் இரவு லண்டனில் இறந்தார். வயது 45. பார்சி குருமார்கள் வந்து, ஜொராஸ்டிரிய முறைப்படி பிரார்த்தனை செய்து இறுதிச் சடங்கு நடத்தினார்கள். பெயரை மாற்றிக்கொண்ட மகன், பெற்றோரின் மதச் சடங்குகளோடு வழியனுப்பப்பட்டார்.

மறைவுக்குப் பின்

1993-ல் ஒரு விந்தை நடந்தது. 50-வது இடத்தோடு நின்றுபோன 'லிவிங் ஆன் மை ஓன்' பாட்டுக்குப் புதிய தாளம் சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள். இங்கிலாந்தில் முதல் இடத்துக்குப் போயிற்று. பிரெடி தனியாகப் பாடி முதல் இடம் பிடித்த ஒரே பாட்டு அது. கேட்க அவர் இல்லை.

1995-ல் மற்ற மூவரும் அவர் விட்டுச் சென்ற குரல் பதிவுகளை எடுத்து, குயீன் ஆல்பம் ஒன்றை முடித்தார்கள். 'மிஸ்டர் பேட் கை' ஆல்பத்தில் தனியாகப் பாடிய இரண்டு பாட்டுகளை அதில் சேர்த்தார்கள். பழைய வாத்தியங்களை நீக்கி, தாங்களே வாசித்தார்கள்.

அதன் பிறகு ஜான் டீக்கன் இசையில் இருந்து விலகிவிட்டார். பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் 2014-ல் 'லவ் கில்ஸ்' பாட்டைக் கையில் எடுத்தார்கள். நடனத் தாளத்தை நீக்கி, வேகத்தைக் குறைத்து, 1984-ல் பிரெடி பாடிய அதே குரலுக்குப் புதிதாக இசை அமைத்தார்கள்.

முப்பது ஆண்டுக்கு முன் அவருடைய முதல் தனித் தட்டாக வந்த பாட்டு, இந்தத் தடவை குயீன் என்ற பெயரில் வெளிவந்தது.